கக்காவுக்கு எடுத்துவைத்த அரை பிஸ்கட்

இரவு பஸ் ஓட்டுகிறவனுக்கு முழுத் தூக்கமும் வாய்க்காது, முழு விழிப்பும் வாய்க்காது. காலையில் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்த பிறகும் சாலை அவனை விடுவதாக இல்லை. முதுகுக்கு அடியில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடினால் எதிர்வண்டியின் விளக்கு, திறந்தால் ஜன்னல் திரையில் மஞ்சள் வெயில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் டிரைவர் தன் மகளை வளர்த்துவந்தான்.

மனைவிக்குப் பகல் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பவள். அவன் உள்ளே நுழைய, அவள் வெளியே கிளம்ப, வாசலிலேயே குழந்தை கை மாறும். குழந்தைக்கு ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. பட்டாணி என்றால் தெருவுக்கே தெரியும். வயது இன்னும் மூன்று ஆகவில்லை. வாய்க்கு மட்டும் முப்பது ஆகிவிட்டது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது. மாடிக்குத் துணி எடுக்கப் போனாலும் ‘போயிட்டு வரேன்’தான். சாலையில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு அந்த வார்த்தைமேல் அப்படி ஒரு பிடிப்பு. ஒருநாள் மனைவி அவசரத்தில் “சரி, நான் போறேன்” என்று சொல்லிவிட்டாள். அவளைப் படியிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றவைத்து, உள்ளே வந்து சரியாகச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்பினான். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பட்டாணிக்கோ இது ரத்தத்தில் ஊறிய விஷயம். சாயங்காலம் அப்பா சாப்பாட்டுப் பையைத் தூக்கினால் மற்ற குழந்தைகள் மாதிரி காலைக் கட்டிக்கொண்டு அழமாட்டாள். “போயிட்டு வா” என்று பெரிய மனுஷிபோலச் சொல்லிவிட்டு, தன் பிஸ்கட்டில் பாதியைக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். காலையில் வந்து அவன் தின்ன வேண்டும். நமுத்துப் போயிருக்கும், ஆனாலும் தின்பான். போயிட்டு வரேன் என்று சொன்னவர்கள் வந்துவிடுவார்கள். அவள் உலகத்தில் அதில் சந்தேகமே கிடையாது.

இனி டயப்பர் வேண்டாம் என்று முடிவெடுத்தது மனைவி. நடத்திவைக்க வேண்டியவன் இவன். வாத்து மாதிரி செய்த மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வீட்டுக்கு வந்தது. முதலில் பட்டாணி அதில் தன் பொம்மையை உட்காரவைத்தாள். பிறகு அப்பாவின் செருப்பை. “இப்படி உக்காரணும்டா கண்ணு” என்று அவனே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காட்டினான்; காட்டியபடியே தூங்கியும் போனான். கண் விழித்தபோது தரையெல்லாம் ஈரம், அவன் வேட்டி உட்பட. நீளமான பஸ்ஸைக் குறுகலான சந்துக்குள் பின்னால் எடுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பொடிசை வாத்துமேல் உட்காரவைக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு காலைவேளையில் அது நடந்துவிட்டது. யாரும் சொல்லாமல், தானே போய் உட்கார்ந்து, முகம் சிவக்க முக்கி, எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். “நான் செஞ்சது!” என்று கத்தினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தையும் அவளையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடினான். கவிழ்த்துவிட்டு, ஃப்ளஷ்மேல் அவள் விரலை வைத்து, அந்தச் சந்தோஷத்தில் என்ன சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னான்: “சொல்லு பட்டாணி, ‘கக்கா, போயிட்டு வா’.”

“கக்கா, போயிட்டு வா.” தண்ணீர் சுழன்று இறங்குவதை இருவரும் குனிந்து நின்று வழியனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் கழிவறை வாசலில் ஒரு கிண்ணத்தில் அரை பிஸ்கட் இருந்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாளிலிருந்து பட்டாணி போகவே இல்லை. உச்சா மட்டும் ஒழுங்காக வாத்தில் போனாள். மற்றது வரும்போது காலைப் பின்னிக்கொண்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோர்க்க நிற்பாள். அது அடங்கியதும் மறுபடி விளையாடப் போவாள். பழம் கொடுத்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள். பழைய டயப்பரையே மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. சோறு இறங்குவதும் குறைந்தது, வயிறு கல்லாகிவிட்டது.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “நாளைக்கு ஒருநாள் பாருங்க. போகலேன்னா கூட்டிட்டு வந்துடுங்க, பின்னாடி மருந்து வெச்சு எடுத்துடலாம். ஆனா ஒரு தடவை வலிச்சுட்டா பயத்துல இன்னும் அடக்கிக்குவா. தானா போனாத்தான் நல்லது.”

மறுநாள் காலை வாசலில் குழந்தை கை மாறும்போது மனைவியின் கண் கலங்கியிருந்தது. “ராத்திரியெல்லாம் முனகினா. இன்னைக்கு ஒருநாள் தூங்காம அவகூட உக்காருங்க. உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போயிட்டு வரேன். சாயங்காலத்துக்குள்ள ஆகலேன்னா நாளைக்கு ஆஸ்பத்திரிதான்.”

தூங்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்தான். அதுவே தாலாட்டானதுபோலக் கண் செருகியது. திரை மெல்ல ஆடியது. வெயில் தரையில் குளம்போலத் தேங்கியது. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்குமேல் இருக்கும் கண்ணாடியில், இத்தனை வருடங்களில் அவன் ஏற்றிவந்த தலைகள் எல்லாம் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிலர் இறங்கினார்கள். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. ஆள் இறங்க இறங்க வண்டி லேசாகி, தரையில் சக்கரம் படுகிறதா என்றே தெரியாமல் மிதந்தது. கடைசி சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் மட்டும் கேட்டது.

“எப்ப வருவே? அம்மா போயிட்டு வந்துட்டா. அப்பா போயிட்டு வந்துட்டான். நீ மட்டும் ஏன் வரல?”

பஸ் நின்றது. அவன் கண்ணைத் திறந்தான். குரல் நிற்கவில்லை, கழிவறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். பட்டாணி ஈரத் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைப் பீங்கானில் வைத்து, உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊறிப்போன பிஸ்கட்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அதுக்காகவா கண்ணு அடக்கி வெச்சிருக்கே?”

“இதுவும் போச்சுன்னா வராது. உள்ளயே இருக்கட்டும்.”

ஒரு பொய் போதும், காரியம் முடிந்துவிடும். ‘வந்துச்சே, நீ தூங்கிட்டிருந்தே’ என்று சொல்லலாம். பட்டாணி விடுவாளா? எங்கே, காட்டு என்பாள். காட்டுவதற்கு அவன் எங்கே போவான்! உண்மையைச் சொல்லலாம். போயிட்டு வா என்று சொல்லி அனுப்பியும் வராதது ஒன்று உண்டு என்று சொல்லவேண்டும். அதைச் சொன்னபிறகு சாயங்காலம் அவன் பையைத் தூக்கும்போது அவள் என்ன நினைப்பாள்? அவன் தயங்கினான். அவளோ காலைப் பின்னிக்கொண்டு அவன் தோளை இறுகப் பிடித்தாள். வலி மறுபடி வந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது.

“அது வராது பட்டாணி,” என்றான். “அப்பா தப்பாச் சொல்லிட்டேன். அதுகிட்ட போயிட்டு வான்னு சொல்லவே கூடாது.”

“ஏன்?”

“அப்பா பஸ்ல ஏறுறவங்க எல்லாரும் அவங்கவங்க எடம் வந்ததும் இறங்கிடுவாங்கல்ல? பஸ்லயே குடியிருந்தா என்ன ஆகும்?”

“நெருக்கும்.”

“அதான். உன் வயித்துக்குள்ள இப்ப நெருக்குதுல்ல? கக்கா போறதுக்குன்னே இருக்கிறது. போனாத்தான் அதுக்குச் சந்தோஷம்.”

“அழாதா?”

“அழாது. அதுக்கு அங்க நெறைய ஆளுங்க இருக்காங்க.”

இதைக் கேட்டு அவள் முகத்தில் லேசாக ஒரு பொறாமை தெரிந்தது. கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு வாத்தை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள், முக்கினாள், மறுபடி அழுதாள். அவனும் கூடவே மூச்சைப் பிடித்தான். கடைசியில் இறங்கியது. அவள் உடம்பு முழுவதும் தளர்ந்து அவன்மேல் சாய்ந்தது. வழியனுப்பும்போது எதுவும் சொல்லாமல் ஃப்ளஷை மட்டும் அழுத்தினாள். தண்ணீர் அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பனும் மகளும் வெயில் தேங்கிய தரையில் அப்படியே படுத்துத் தூங்கிப்போனார்கள்.

சாயங்காலம் மனைவி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. “என்ன மாயம் பண்ணினீங்க?” என்று சிரித்தாள். அவன் பெருமையோடு சட்டையை மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினான்.

“பட்டாணி, போயிட்டு வரேன்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்பா,” என்றாள், “நீ போறதுக்குன்னு இருக்கிறவன் இல்லைல்ல?”

இத்தனை காலமாக அவன் சொல்லிவந்த வார்த்தைக்கு யாரும் மறுகேள்வி கேட்டதில்லை. “சேச்சே, நான் வர்றதுக்குன்னு இருக்கிறவன்டா” என்றான். சொல்லும்போதே குரல் பிசிறியது.

பட்டாணி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, மற்ற குழந்தைகளைப்போல ஓவென்று அழுதாள். மனைவி விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த அழுகை தெருமுனை வரை அவன் பின்னால் வந்தது. எத்தனையோ ராத்திரிகள் வண்டி ஓட்டியவன், பத்திரமாகத் திரும்பி வரவேண்டுமே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தான்.