மாமியாருக்கு ஒரு பை இரத்தம்

கென்யாவின் கிசுமு நகரில் எங்கள் பட்டறை வரிசையில் ஒபுயாவைப் போல உரக்கப் பேசுகிறவர் கிடையாது. இருபது வருடமாகத் தகரத்தைத் தட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிரங்குப் பெட்டி செய்கிறவர். சுத்தியலைக் கீழே வைத்தாலும் அவர் காதுக்குள் சில்வண்டு ஓயாது. அதை மீறி அவர் போடுகிற குரல், அவருக்கு மட்டும் மெல்லிய குரலாகத் தோன்றும்.

அப்படிப்பட்டவர் பதினெட்டு வருடமாக ஒரே ஒருவரிடம் வாய் திறந்ததில்லை: மாமியார் நியார் உயோமா. எங்கள் வழக்கப்படி மருமகனும் மாமியாரும் கை தொடக் கூடாது, எதிரெதிரே அமர்ந்து உண்ணக் கூடாது. அவர் வருகிறார் என்றாலே அந்த அம்மாள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள்.

அவள் ஏரிக்கரையில் மீன் காயப்போடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மறுநாள் அறுவைச் சிகிச்சை. இரண்டு பை இரத்தம் வேண்டும் என்றார்கள். மூத்த மகன் ஒன்று கொடுத்தான். இளையவன் உடம்பிலேயே இரத்தம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் ஒபுயாதான்.

அவர் தயங்கினார். காதிரைச்சல் இரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது என்பது எங்கள் பட்டறைக்காரர்களின் நம்பிக்கை. தன்னை வதைக்கும் அந்த வேதனையைத் தெரிந்தே ஒரு தாயின் உடம்பில் ஏற்றுவதா? மனைவி அக்கேயோ அழுதாள். அவளுக்காக இரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்தார்.

அந்த அறை நிசப்தமாக இருந்தது. நிசப்தம் என்றால் சில்வண்டுக்குக் கொண்டாட்டம். ஊசியோடு வந்த சிஸ்டர் அபோண்டியை நிறுத்தி, ரகசியம் கேட்பதாக நினைத்துக் கேட்டார்:

"சிஸ்டர், என் காது இரைச்சல் மாமியாருக்கும் போயிடுமா? பாவம், நிம்மதியாத் தூங்குறவங்க. எங்கம்மா போனப்புறம் எனக்கு அம்மான்னு இருக்கிறது அவங்க ஒருத்தங்கதான். இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் வேற தனியா சொல்லணுமா? ஆஸ்பத்திரிக்கே கேட்டுடுச்சு," என்றாள் அவள். இரைச்சல் காதோடு சரி, இரத்தத்தில் ஒட்டாது என்றும் சொன்னாள்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. அங்கிருந்து ஒரு குரல் எழுந்தது. அப்போதும் அந்த அம்மாள் மரியாதையை மீறவில்லை, சிஸ்டரிடம்தான் பேசினாள்.

"சிஸ்டரம்மா, மருமகப்பிள்ளைகிட்ட சொல்லுங்க. இரைச்சலோட வந்தாலும் வரட்டும். என் மகன் ரத்தம், எனக்கு வேணும்."

ஒபுயாவுக்கு அது கேட்கவில்லை. சிஸ்டர் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள். அந்த முரட்டு மனிதர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்கள் வழிந்தன. கையை மட்டும் நீட்டினார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அந்த அம்மாள் மகளை அழைத்து, வீட்டில் நிற்கும் பெரிய சேவலை மருமகனுக்குச் சமைத்துப் போடச் சொன்னாள்.

ஒபுயா அதை ஓர் எலும்பு விடாமல் தின்றார். பக்கத்துப் பட்டறைக்காரன் நான், வாய்விட்டுக் கேட்டும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.