மாடிப்படியைப் பார்த்துத் திரும்பிய ஒலிபெருக்கி

மைக் செட்காரர் பார்க்காத கூட்டம் கிடையாது. தேர்தல் பேச்சோ, பள்ளி ஆண்டு விழாவோ, மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருப்பார். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

ஆனால் சொந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. “லீவு நாள்லயும் கூட்டமா, ஆளை விடுங்க” என்பார். மற்றவர்களும் அப்படித்தான். போதிய ஆள் சேராமல் லிஃப்டைப் பழுதுபார்க்கும் தீர்மானம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் வீடு ஐந்தாவது மாடி. மனைவிக்கு மூட்டுவலி. ஒரு நாள் அந்த அம்மாள் காய்கறிப் பையோடு மூன்றாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்கு மேல என்னால ஆகாது. அடுப்பை இங்கயே கொண்டுவந்து வச்சிடுங்க.”

அடுத்த கூட்டத்துக்கு மைக் செட்டையும் தூக்கிக்கொண்டு போனார். கீழ்த்தளக் கூடத்தில் சங்கச் செயலாளரும் பொருளாளரும் மட்டும் இருந்தார்கள்.

“மூணு பேருக்கு மைக் எதுக்குங்க?” என்றார் செயலாளர்.

“நமக்கில்ல சார்” என்று சொல்லிவிட்டு, ஒலிபெருக்கிப் பெட்டியை மாடிப்படி அடியில் மேலே பார்த்தபடி வைத்தார்.

லிஃப்ட் விஷயம் வாசிக்கப்பட்டது. ஈ காக்கைகூட வரவில்லை. அடுத்ததைச் செயலாளர் வாசித்தார்: “மொட்டை மாடியில் இனித் துணி காயப்போடக் கூடாது...”

மேலே ஒரு கதவு படாரென்று திறந்தது. இரண்டாவது மாடி டீச்சர் ஈரத் துண்டோடு இறங்கி வந்தார்.

“யாரைக் கேட்டு முடிவு பண்றீங்க?”

“உங்களைக் கேக்கத்தாம்மா மாசாமாசம் கூப்பிடறோம்” என்றார் செயலாளர்.

டீச்சர் பின்னாலேயே கட்டடம் முழுக்க இறங்கி வந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். துணித் தீர்மானம் போன இடம் தெரியவில்லை.

மைக் செட்காரர் மைக்கைக் கையில் எடுத்தார். ‘ஹலோ, ஹலோ’ தவிர அதில் அவர் எதுவும் பேசியதில்லை.

“எல்லாரும் இருக்கீங்க. லிஃப்டையும் முடிச்சிடலாமா?”

“நான் தரைத்தளம். எனக்கெதுக்கு லிஃப்ட்?” என்றார் ஒரு தையல்காரர்.

“துணி காயப்போட மொட்டை மாடிக்குப் பறந்தா போவீங்க?” என்றார் டீச்சர்.

சிரிப்புக்கு நடுவே தையல்காரரும் கையைத் தூக்கினார். சில வாரங்களில் லிஃப்ட் ஓடியது. அம்மாள் காரணமே இல்லாமல் இரண்டு தடவை போய் வந்தார்.

அடுத்த மாதம் புது வம்பு. எல்லோரும் வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு, பால்கனியிலிருந்து கருத்துச் சொன்னார்கள். “அதெல்லாம் முடியாது!” என்று நாலாவது மாடி கத்தியது.

மைக் செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கீழே வந்தார்கள்.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?”

“பெட்டி ரிப்பேர்” என்று முகம் மாறாமல் சொல்லி, நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார்.