கிணற்றுக்கு டோக்கன் வைத்த கதை

சூரிச்சில் துணி துவைக்கவும் முறை உண்டு. எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டுக்கும் சேர்த்துக் கீழ்த்தளத்தில் ஒரே துவைக்கும் அறை, வாஷ்க்யூஹே. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை அது என்னுடையது. வந்த புதிதில், மேல்வீட்டுப் பெண்மணி ஃப்ராவ் மெய்யரின் குழந்தைக்கு ஒரே வாந்தி என்று தெரிந்ததும், "இன்றைக்கு என் முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியை நீட்டினேன். அவர் ஓரடி பின்னால் போய், "வாரும்?" என்றார். ஏன் என்று அர்த்தம். "எனக்குத்தான் மூன்று மணிக்கு இருக்கிறதே." பதிலுக்கு நான் என்ன கேட்கப்போகிறேனோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. நாறும் துணியோடு மூன்று மணி வரை காத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவரைவிட எரிச்சலூட்டுகிறவர்கள் என் ஊர் தொண்டாமுத்தூரில் இருக்கிறார்கள். எங்கள் கிணறு மூன்று பங்கு: பெரியப்பா மகன் பழனிச்சாமி அண்ணன், பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா, அப்பாவுக்குப் பிறகு நான். ஆளுக்கு ஒரு நாள் முறை. என் தென்னைக்கும் அண்ணன்தான் தண்ணீர் கட்டுகிறார். போனிலிருந்தே மோட்டார் போட ஒரு பைத்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் நான். சொந்தக்காரர்கள்தானே என்று பூட்டே வைக்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் இல்லாத நேரத்தில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட, உள்ளே கம்பிச்சுருள் கருகிப்போனது. நீதான், நீதான் என்று அண்ணனும் சரசக்காவும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். யார் போட்டது என்று என் புரோகிராமுக்கும் தெரியாது. தப்பு என்னுடையது.

ஆகவே டோக்கன் வைத்தேன். பாஸ்வேர்ட் கொடுத்தால் சர்வர் ஒரு டோக்கன் தரும். அதில் ஆளின் பெயர், முறை முடியும் நேரம், யாரும் திருத்த முடியாதபடி சர்வரின் கையெழுத்து. தண்ணீர் கட்டுகிறவர் அண்ணன் என்பதால் என் முறையையும் அவர் பெயரிலேயே போட்டேன். மோட்டாரை ஓட்டும் ஃபங்ஷனின் தலைமேல் ஒரே ஒரு வரி: டோக்கன் சரியில்லையா, வெளியே போ. கையால் போடும் ஸ்விட்சையும் கழற்றச் சொல்லிவிட்டேன். இதற்கு என் மூன்று சனிக்கிழமைகள் போயின.

பத்தே நாளில், யார் எப்போது மோட்டார் போட்டார்கள் என்ற பதிவைத் திறந்து பார்த்தால், சரசக்காவின் டோக்கன் அண்ணன் போனில் இருக்கிறது.

"ஏனுங்கண்ணா, அக்கா டோக்கன் உங்க போனுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"அக்காதான் பாஸ்வேர்டு சொல்லுச்சு அம்மணி. வெங்காயம் வாடுதுன்னேன், இன்னிக்கு நீங்களே கட்டிக்கங்கன்னுபோட்டுது. என்ற பாஸ்வேர்டையும் அதுகிட்ட குடுத்துபோட்டேன்."

"யாருக்குஞ் சொல்லக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேனுங்க!"

"ஒரே கெணத்துத் தண்ணி அம்மணி. இதுல என்ன ஒளிவுமறைவு?"

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வீடும் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது என்பதுகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை. வெளிநாட்டில் கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கிறவர்களுக்கு என் கோபம் புரியும். அன்றே உட்கார்ந்து இன்னொரு பூட்டும் போட்டேன்: ஒருவருடைய டோக்கன் அவரவர் போனில் மட்டும்தான் செல்லும்.

போன புதன்கிழமை வாஷ்க்யூஹேயில் நிற்கிறேன், அண்ணன் கூப்பிட்டார். அங்கே பொழுது சாயும் நேரம்.

"சரசக்கா மவளுக்குப் பிரசவ வலி வந்து, அக்காவும் கூடவே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. போன் சுவிட்ச் ஆப். இன்னிக்கு அதுக்குத்தான் முறை. அக்கா தக்காளி பூவும் பிஞ்சுமா காஞ்சு நிக்குது அம்மணி. நான் போட்டா, அனுமதி இல்லைங்குது. தண்ணிக்குப் போய் இப்படி ஒரு பூட்டா?"

அனுமதி இல்லை என்ற அந்த வரியை எழுதியவளும் நான்தான். வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் என் முறை. அதை ஒரு நாள் முன்னால் இழுத்துப்போட்டு, என் போனிலேயே டோக்கன் வாங்கி, மோட்டாரைப் போட்டேன்.

"வருதுங்களாண்ணா?"

அவர் போனை வாய்க்கால் பக்கம் பிடித்தார். சலசலவென்று கேட்டது.

"உங்கப்பன் போனதுக்கப்புறம் உன்ற பேர்ல ஓடற மொதத் தண்ணி இது அம்மணி."

அழுகை வந்துவிட்டது. அந்த முதல் தண்ணீரும் என் தென்னைக்கு அல்ல, சரசக்காவின் தக்காளிக்கு.

கதவு தட்டும் சத்தம். ஃப்ராவ் மெய்யர் துணிக்கூடையோடு நின்றார். மணி மூன்று. என் துணியெல்லாம் மெஷினுக்குள் ஈரமாகக் கிடந்தது. ஐந்து நிமிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தார். சாவியைக் கொடுத்தேன். இங்கே என் முறை முடிந்துவிட்டது. இன்னொரு கையில் இருந்த போனில் என் முறை ஓடிக்கொண்டிருந்தது.