குழலில் ஊதிப் பார்த்தவர்

மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கியதால், வெடிமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினேன். பார்த்து எடுக்கப் பக்கத்துப் புஞ்சைக்காரரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒல்லியான மனிதர், யார் தோளிலும் கை போட்டுத்தான் பேசுவார். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலிலும் வாய் வைத்து ஊதி, மருந்துக்கு நெருப்புப் போகும் அடித்துளையில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல காத்து நல்லா வருது அண்ணாச்சி. இதையே எடுங்க."

அன்று சாயங்காலமே பன்றிகள் வந்தன. துப்பாக்கி வெடிக்கவில்லை. பாதிக் கதிர் போயிற்று. மருந்தைக் கொட்டிவிட்டு நானே ஊதினேன், துளை அடைத்திருந்தது. அத்தனை துப்பாக்கியில் அடைத்ததைத் தேடி எடுத்திருக்கிறார் மனிதர்! நேரே போய்க் கேட்டேன்.

"தெரியும் அண்ணாச்சி. அங்கன வெடிச்சா பன்னி எங்க போவும்? எம் புஞ்சைக்குத்தான வரும்?"

அப்போதும் அவர் கை என் தோளில்தான் இருந்தது.