மூணு மாசக் கார்

அந்தக் காரை லோரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். காஜா பெராங் சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பும்போதே அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. முன்பக்கம் நசுங்கிய பழைய ஆஸ்டின். ஒரு விளக்கு இல்லை. கதவிடுக்குகளில் லோங்காங் சாக்கடைச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே கணேசமூர்த்தி புது மாப்பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்ற மனைவியைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான்.

சந்திரமதி கையாட்டவில்லை.

அடுத்த வருஷம் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம் என்று மலாக்கா பாடாங் திடலில் அறிவித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள். கணேசமூர்த்தி கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஸ்டோரின் துரையும் கிளம்பிவிட்டார். மழை நாளொன்றில் லோங்காங்கில் கொண்டுபோய் இறக்கிய காரை அவர் கப்பலேற்றவா போகிறார்? கிராணியின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

"சும்மாவே குடுத்துட்டாரு, சந்திரா! 'வேலை தெரிஞ்சவனுக்கு ரெண்டு மாசந்தான் மூர்த்தி'ன்னாரு. நாம எதுக்கும் ஒரு மாசம் கூட வச்சுக்குவோம். மூணு மாசம். மூணே மாசத்துல உன்னையும் பாப்பா சீதாவையும் ஏத்திக்கிட்டு டவுனை ஒரு சுத்து சுத்தறேன் பாரு!"

மூணு மாசம் என்று கேட்டதும் அவள் முகம் இறுகியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"துரை வீட்டுல வேலைக்காரங்க எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவரு சொன்ன ரெண்டு மாசத்துல கடைக்குப் போறது, கூரைக்கு ஒழுகல் அடைக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல்னா தூக்கிக்கிட்டு ஓடுறது எதுவும் இருந்திருக்காது. அதான் கேட்டேன்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கார் நிற்க அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் பக்கவாட்டுத் தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகை அவளுடையது. மத்தியானம் ஆனால் கம்போங் செட்டியிலிருந்தும் பின்சந்திலிருந்தும் பெண்கள் அங்கே தையல் படிக்க வருவார்கள். ரவிக்கை, கெபாயா, பள்ளிக்கூடச் சட்டை என்று அவள் வெட்டிக் காட்டாத துணி கிடையாது. எஸ்டேட்டில் பிறந்து, ஜப்பான்காரன் சண்டை முடிந்தபின் அம்மாவோடு டவுனுக்கு வந்து, ஒரு சீனத் தையல்காரி கடையில் பித்தான் வைக்கத் தொடங்கி, தானாகக் கற்றுக்கொண்ட வித்தை. 'டீச்சர்' என்று அந்தப் பெண்கள் கூப்பிடும்போது அவள் பதில் சொல்லாமல் ஒரு கணம் தாமதிப்பாள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றிருக்கும்.

மூன்று மாதம்தானே என்று கொட்டகையைக் கொடுத்தாள். பெண்களிடமும் அப்படியே சொன்னாள். தையல் மெஷினும் வகுப்பும் படுக்கையறைக்குப் போயின.

கணேசமூர்த்தி சோம்பேறி இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. சோம்பேறியாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அவனோ வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் காருக்கடியில் படுத்துவிடுவான். துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டுவான். கடைசியில் போல்ட் பாதியில் முறிந்துபோகும். முறிந்த துண்டை வெளியே எடுக்க அடுத்த சனிக்கிழமை. தரைத் தகடு நன்றாக இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முழங்கால் அதில் பொத்துக்கொண்டு இறங்கியது. அதைப் பிரித்தால் அடியில் சட்டமே அரித்துப்போயிருந்தது. ஒன்றைச் சரிசெய்யத் திறந்தால் உள்ளே இரண்டு கெட்டுப்போய்க் காத்திருக்கும். அவன் ஒவ்வொரு தடவையும் தலைநிமிர்ந்து அதே உற்சாகத்தோடு சொல்வான்: "இது ஒண்ணுதான் சந்திரா. இது முடிஞ்சா முடிஞ்ச மாதிரி. தீபாவளிக்கு ஓடிரும்."

தீபாவளிக்கு ஓடவில்லை. பொங்கலுக்கு என்றான். பொங்கலன்று அவள் பெரிய பானையைத் தேடினாள். அதில் மண்ணெண்ணெய் ஊற்றி நட்டும் போல்ட்டும் ஊறப்போட்டிருந்தான். பானையை அப்படியே தூக்கி வாசலில் கவிழ்த்தாள். இரும்பெல்லாம் சந்துவரை உருண்டது. அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

சந்துக்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "பிலா சியாப்?" என்பார்கள். எப்போது முடியும் என்று மலாயில் ஒரு கேள்வி. அவனும் சளைக்காமல் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்வான். உள்ளே துணி தைத்துக்கொண்டிருக்கும் சந்திரமதிக்கு அந்தக் கேள்வியைவிட அந்தப் பதில்தான் ஊசியாய்க் குத்தும்.

பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தெங்கேராவில் ஒருத்தி புதிதாகத் தையல் வகுப்பு வைத்திருந்தாள். கடைசிவரை இருந்தவள் கம்போங் செட்டி ருக்மணி. அங்கே தலைமுறைகளாக இருக்கும் செட்டிகளைப் போல அவள் பேச்செல்லாம் மலாய்தான். இடையில் நாலு தமிழ் வார்த்தை வரும். அவளும் ஒருநாள் சந்திரமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, படுக்கையறையில் உட்கார்ந்து தைக்க வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் டீச்சர், கொட்டகை எப்போது காலியாகும் என்று கேட்டாள். "தெரியல" என்று சொல்ல சந்திரமதிக்கு நாக்குவரை வந்தது. "மெர்டேக்காவுக்குள்ள" என்றாள். தன் வாயிலும் அந்தப் பொய் வந்துவிட்டதே என்று அன்று முழுக்கத் தன்மீதே கோபம்.

மெர்டேக்காவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கார் உறுமியது. தகரக் கொட்டகை அதிர, புகை சந்தெல்லாம் நிறைந்தது. சனம் கைதட்டியது. காருக்குப் பாதிச் சாமான் கொடுத்த பழைய இரும்பு வியாபாரி ஹனீபா பாய் தொப்பியைக் கழற்றி வீசி எறிந்து பிடித்தார். சந்திரமதிகூட வாசற்படியில் நின்று சிரித்துவிட்டாள். மறுநாளே ருக்மணி வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை வகுப்பு, எல்லாரையும் வரச்சொல் என்று சொல்லிவிட்டு, அப்படியே மீன் வாங்கப் பாசாருக்கும் போய்வந்தாள்.

திரும்பி வந்தபோது ரம்புத்தான் மரக்கிளையில் சங்கிலி தொங்கியது. சங்கிலியில் என்ஜின் தொங்கியது. கொட்டகை முழுக்கச் சாமான். பக்கத்தில் ஹனீபா பாய் பலகைமேல் உட்கார்ந்து கிழிந்த கேஸ்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு தட்டுற சத்தம் கேட்டுச்சு சந்திரா," என்றான் கணேசமூர்த்தி. "அப்படியே ஓட்டினா எல்லாம் போயிரும். சரியாப் பாத்தா இன்னும் மூணு மாசம்…"

அவள் கூடையைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். மீன் மண்ணில் விழுந்தது. வீட்டுக்குள் போனாள். தையல் மெஷினைப் படுக்கையறையிலிருந்து தனியாளாக இழுத்துக்கொண்டு வந்தாள். அதன் இரும்புக் கால் பலகைத் தரையைக் கீறிக்கொண்டே வந்தது. கொட்டகைக்குள் கொண்டுபோய், கியர் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, நட்டநடுவில் நிறுத்தினாள்.

"மூணு மாசமா? யாருக்கு மூணு மாசம் சொல்றே நீ?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவள் வாயால் 'நீ' கேட்டதில்லை. ஹனீபா பாய் எழுந்து நின்றார்.

"தங்கச்சி, கொஞ்சம்…"

"நீங்க இருங்க பாய். நீங்களும் கேளுங்க. ஜப்பான்காரன் காலத்துல எங்கப்பாவை சயாம் ரயில் போடப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. எங்க தோட்டத்துக் கங்காணிதான் லயத்து வீடுங்க வாசல்ல நின்னு பேரு கூப்பிட்டான். 'மூணு மாச வேலை, போயிட்டு வந்துருவாங்க'ன்னான். எங்கம்மா நம்புனா. மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்கு வாசல் மெழுகிட்டு உக்காந்திருந்தா. கங்காணி வந்தான். 'இன்னும் மூணு மாசம்'னான். அதையும் நம்புனா. டவுனுக்கு வந்து வேலை பாருன்னு சொந்தக்காரங்க கூப்பிட்டாங்க. போகல. அவரு திரும்பி வந்து வீடு பூட்டியிருந்தா என்ன நெனைப்பாருன்னு அங்கயே மரவள்ளிக்கிழங்கைத் தின்னுக்கிட்டுக் கிடந்தோம். சண்டை முடிஞ்சு, திரும்பி வந்த ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. எங்கப்பா போன முதல் மழையிலயே வாந்திபேதியில செத்துட்டாரு!"

கணேசமூர்த்திக்கு மாமனார் சயாமில் செத்தது தெரியும். மற்றது எதுவும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

"அதுவும் இதுவும் ஒண்ணா, சந்திரா?" என்றான் மெதுவாக.

"ஒண்ணு இல்ல. எனக்கு அது தெரியாதா? ஆனா காத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவளுக்கு ஒண்ணுதான். உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கணும். அப்பவே நான் வேற இடம் பாத்திருப்பேன். தெரிஞ்ச மாதிரி சொல்லிச் சொல்லி என் தையல் பிள்ளைங்களை எல்லாம் அனுப்பிவச்சுட்டியே! இப்ப சொல்லு. இது எப்ப ஓடும்?"

அவன் தொங்கும் என்ஜினைப் பார்த்தான். கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தான். "எனக்குத் தெரியல," என்றான். "முதல்லருந்தே தெரியல. அப்படிச் சொன்னா நீ ஒத்துக்கமாட்டேன்னு பயந்துட்டேன்."

"ஒத்துக்கிட்டிருக்கமாட்டேன்தான்," என்றாள் சந்திரமதி. மெஷின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவன் அருகே வந்தான். அவள் அழவில்லை. "மீனைப் பொறுக்கிக் கழுவுங்க," என்றாள். "பூனை வந்துரும்."

அன்று சாயங்காலமே ஹனீபா பாய் தன் ஆட்களைக் கூட்டிவந்து காரின் கூட்டைத் தள்ளி ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தினார். மேலே பழைய படுதா. மழை பெய்தால் நனையட்டும் என்றாள் சந்திரமதி. கொட்டகையில் எண்ணெய்க் கறைமேல் பாய் விரித்துத் திங்கட்கிழமை வகுப்பு நடந்தது. ருக்மணியோடு இரண்டே பேர்தான் வந்தார்கள். மெர்டேக்கா விழாவைப் பார்க்கக் கணவன், மனைவி, சீதா மூவரும் பெச்சா என்கிற மூன்றுசக்கர ரிக்ஷாவில்தான் போனார்கள். கணேசமூர்த்தி வழியெல்லாம் ஓடுகிற கார்களின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தான். அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளும் கிழமையுமாக எதற்கு என்று அடக்கிக்கொண்டாள்.

அதற்குப்பின் அவன் யாருக்கும் மாதம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. வகுப்பு மெல்ல மெல்ல நிறைந்தது. புக்கிட் பாருவிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்தார்கள். கார் ஓடியபோது சீதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. அது ஓடும் என்பதை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

"எங்க போகலாம் சந்திரா?"

"ஜாசினுக்கு," என்றாள்.

அன்று லயத்து வாசலில் அப்பாவின் பேரைக் கூப்பிட்ட கங்காணி கலியாணசுந்தரம் தோட்டத்தை விட்டு ஜாசின் டவுனில் மகன் வீட்டில் இருப்பதாக அவளுக்கு எப்போதோ தகவல் வந்திருந்தது. கிழவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது. அப்பாசாமி மகள் என்றதும் நிமிர்ந்தார். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சந்திரமதி உட்காரவில்லை.

"மூணு மாசம்னு சொன்னீங்களே. உங்களுக்குத் தெரியுமா?"

"ஜப்பான்காரன் சொன்னாம்மா. நான் என்ன செய்ய?"

"அது முதல் தடவை. ரெண்டாவது தடவை வந்து சொன்னீங்களே. அதை யாரு சொன்னா?"

கிழவர் காப்பி டம்ளரைத் தடவிப் பிடித்தார். "உங்கம்மா அழுதுக்கிட்டிருந்துச்சு. ஏதாவது சொல்லணும்னு சொன்னேன்."

"அழவிட்டிருக்கணும்," என்றாள் சந்திரமதி. "அழுது முடிச்சுட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் பிழைக்கப் போயிருப்பா. நீங்க அழவிடல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

கிழவர் என்னவோ சொல்லக் கையைத் தூக்கினார். அவள் அதற்குள் படியிறங்கிவிட்டாள். வெளியே கணேசமூர்த்தி என்ஜினை அணைக்காமல் வைத்திருந்தான். அணைத்தால் மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அது சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை ஓங்கி அறைந்தாள். அவன் வண்டியை எடுத்தான். ஆயர் மோலேக் தாண்டும்வரை அவள் கதவின் கைப்பிடியை விடவே இல்லை.