மேனேஜரம்மா என்னிடம் விட்டுப்போன கணக்கு

மேனேஜரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் வாய் நிறைய பீன்ஸ் பொரியல் இருந்தது. கொடைக்கானலில் நாங்கள் வேலை பார்த்த லாட்ஜில், துவைத்த கம்பளிகளை அடுக்கி வைக்கும் அறையில்தான் மதியம் சாப்பிடுவோம். அவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். "தம்பி, எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இந்த மெயில் கணக்குல இருக்குற போட்டோ, பேச்சு எல்லாத்தையும் எடுத்துக்கற மாதிரி ஒரு ஆளு பேரைக் குடுக்கணுமாம். ஒங்க பேரைப் போட்டுக்கவா?" என்றார். ஊறுகாய் வைக்கவா என்று கேட்ட மாதிரிதான் எனக்குப் பட்டது. "போட்டுக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டினேன்.

அவரோடு எனக்கு அப்படியொன்றும் நெருக்கம் கிடையாது. அவர் வீடு பழனி அடிவாரத்தில். கணவர் அங்கே பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். வாரம் முழுக்க லாட்ஜிலேயே தங்கிவிட்டு லீவு நாளில் மட்டும் மலையிறங்குவார். நான் பக்கத்து வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவன். ஜன்னலைத் திற, மூடு என்று தினமும் எங்களுக்குள் சண்டை. டீயா காபியா என்று கேட்டாலே நான் முழிப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர், இவ்வளவு பெரிய பொறுப்பை என் தலையில் ஏன் கட்டினார் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் மாரடைப்பு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். பல மாதம் அந்தக் கணக்கு யாரும் தொடாமல் கிடந்ததால், ஒரு நாள் எனக்கு மெயில் வந்தது. மேலே அவர் பெயர். குறிப்பிட்ட நாளுக்குள் எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்ளலாம், அதன்பின் அவர் கேட்டுக்கொண்டபடியே கணக்கு அடியோடு அழிக்கப்படும் என்று போட்டிருந்தது. கீழே அவர் எழுதிவைத்த ஒரே வரி: 'தம்பி, பார்த்துச் செய்யுங்கள்.' எதைப் பார்த்து, என்னத்தைச் செய்வது? எல்லாம் இருக்கட்டும் என்று நினைத்தாரா, போகட்டும் என்று நினைத்தாரா? திறந்தால் அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்த மாதிரி. திறக்காவிட்டால் அவர் குரல்கூட மிஞ்சாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நீங்க ஒண்ணையும் தொடாதீங்க தம்பி, நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறிர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு வரவேற்பறைக் கம்ப்யூட்டர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. அவர் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டுன புருசன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒங்ககிட்ட ஏன் தம்பி குடுத்தா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் பேர் விட்டுப்போன பிள்ளை மாதிரி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரே மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டான்னு எங்கிட்டயும் ஒரு தடவை ஆரம்பிச்சா. வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சாடின்னு வஞ்சுட்டேன். மகளும் அழுதுருச்சு. அதோட விட்டுட்டா."

அப்படியானால், அவர் பேச்சைத் தடுக்காமல் நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் என் தகுதியா? அதை நம்பிக்கை என்று சொல்வதா, வேறு வழியில்லாமல் செய்தது என்பதா? அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

பென் டிரைவைச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டவர், கிளம்பாமல் தன் போனை மேசைமேல் வைத்தார். "எனக்கும் ஒங்க பேரையே போட்டு விட்டுருங்க தம்பி. மககிட்டச் சொல்ல முடியாது."

"அதெல்லாம் இப்ப என்னத்துக்குண்ணே? நல்லாத்தான இருக்கீங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவளும் நல்லாத்தான் தம்பி இருந்தா" என்றார்.

போனை வாங்கிக்கொண்டேன். எதற்குள் போய்ப் பெயரைப் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.