அவன் என்னைக் கூப்பிட்ட மத்தியானம்

அம்மாவைக் கொன்ற வழக்கில் மூன்று பேர். இரண்டு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது. மூன்றாவது ஆளுக்குப் பதினேழு வயது. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மாட்டுத் தீவனம் கொண்டுவரும் பையன். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்ததை அவர்களுக்குச் சொன்னது அவன்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "ஏனுங்கம்மா" என்று குரல் கொடுத்து, கதவைத் திறக்க வைத்ததும் அவன்தான். இதையெல்லாம் அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

நான் சாதாரணமாகவே முன்கோபி. கோயம்புத்தூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட வருகிறவர் என்னைப் பார்த்தால் அரைமணி நேரம் கூடுதலாக விட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்டவளுக்கு அவன்மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும்! அம்மா அவனைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். பத்தாவது பாஸானபோது பேன்ட் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு வந்தானோ என்று நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரியும்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. மற்ற இருவரும் நகையோடு பைக்கில் ஓடிய பிறகு இவன் ஓடவில்லை. தன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டான். "அக்கா, அம்மா பேசமாட்டேங்கறாங்க, சீக்கிரம் வாங்க" என்று அழுதான். அதை வைத்துத்தான் போலீஸ் அவனைப் பிடித்தது. நான் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போட்டு, அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாயிலும் மூக்கிலும் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டிய பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். என்னைக் கூப்பிடத் தெரிந்தவனுக்கு அந்தத் துணியை அவிழ்க்கத் தெரியாதா? தண்டனை கிடைப்பதெல்லாம் அப்புறம். எனக்கு இது தெரிந்தாக வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர்களைப் போலவே அவனையும் விசாரிக்கலாம் என்று முடிவாகி, வழக்கு திருப்பூரில் நடந்தது. சின்னப் பையன் என்பதால் கூட வந்த போலீஸ்காரர்கள் சாதாரணச் சட்டையில் இருந்தார்கள். நான் சாட்சி சொன்ன அன்று அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவனிடம் கேள்வி கேட்கப்போகும் அன்று மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், அனுமதி வாங்கி உட்கார்ந்தேன். மீசை அரும்பியிருந்தது. நன்றாக இளைத்திருந்தான்.

நீதிபதி ஒரு பெண். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் என் கேள்விக்கு வந்தார்.

"கதவு திறந்துதானே கெடந்துது? அவங்க போனப்புறம் நீ என்ன செஞ்ச?"

"வாசப்படியில நின்னு அம்மா அம்மான்னு கூப்பிட்டனுங்க. அவங்க அசையவே இல்லீங்க."

"உள்ள போய் அவுத்து விட்டிருக்கலாமே?"

அவன் என்னைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

"நாங்க அந்த ஊட்டுக்குள்ள போறதில்லீங்க."

அரசு வக்கீல் சிரித்துவிட்டார். கொள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தவனுக்கு வாசற்படி தாண்டக் கூச்சமா என்று கேட்டார். மாமா என் பக்கம் சாய்ந்து, "கதை உடறான் பாரு அம்மணி" என்றார்.

அவன் கதை விடவில்லை. அவன் ஊருக்கு வெளியே இருக்கும் காலனிப் பையன். தீவன மூட்டையை வாசலில் இறக்குவான். அங்கிருந்து உள் அறைக்கு அம்மாதான் முதுகு வலியோடு இழுத்துப் போவாள். ஒருமுறை அவனுக்கே மனசு கேட்காமல், "நானே உள்ள வெச்சுப்போடட்டுங்களாம்மா?" என்று கேட்டான்.

"வேண்டாங் கண்ணு, நீ அங்கயே நில்லு" என்றாள் அம்மா.

எவ்வளவு பிரியமாகச் சொன்னாள்! நான் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.